பழைய கமராவா, புதிய கமராவா? எங்கள் ஊரிலிருந்து ஒரு பதில்

கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன்டி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கட்டாரில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் இன்பொக்ஸில் கேட்டிருந்தார்: "சேர், ஒரு மிரர்லெஸ் கமரா எடுக்கப் போறன். செக்கன்ட் ஹேண்ட்ல சோனி அல்பா 6000 ஒண்டு மலிவாக் கிடைக்குது. கொஞ்சம் காசு கூடப் போட்டா இசட்வி-ஈ10 புதுசாவே எடுக்கலாம். ரெண்டும் உங்கட மீடியா யூனிட்ல இருக்குதானே. எது நல்லம்?"

இரண்டு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தோம். ஆனால் இந்த இரண்டு கமராக்களும் எங்களிடம் வந்த கதையைச் சொல்லாமல், அதற்கு முன் எங்கள் ஊரில் 'படம்' என்பது என்னவாக இருந்தது என்பதைச் சொல்லாமல், "இது நல்லது, அது கூடாது" என்று எழுத மனம் வரவில்லை. மெகாபிக்சல் கணக்கை யூடியூபில் ஆயிரம் பேர் சொல்வார்கள். மன்னார் வெயிலுக்கும் சோளகக் காற்றுக்கும் எது சரிவரும் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

நாங்கள் என்றால், மன்னார்த் தீவில் ஒரு பாடசாலையின் ஊடகக் கழகத்தைப் பார்த்துக்கொள்ளும் மூன்று ஆசிரியர்கள். ஒருவர் வரலாறு, ஒருவர் கணிதம், ஒருவர் தமிழ். கமராத் தொழிலை முறையாகப் படித்தவர் எங்களில் யாருமில்லை. பிழை இருந்தால் கொமென்டில் திருத்துங்கள்.

மன்னாருக்குக் கமரா புதிதல்ல. முத்துக்குளிப்புப் பார்க்க வெள்ளைக்காரர் வந்த காலத்திலேயே அதுவும் வந்துவிட்டது. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் சுமார் 8 கோடிச் சிப்பிகள் கரையேறின. ஹேர்ட்மன் என்ற பேராசிரியர் 1902இல் இங்கிலாந்திலிருந்து வந்து இந்தக் கடலை ஆராய்ந்தார். அவருடைய அறிக்கையை ராயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை 5 பாகங்களாக வெளியிட்டது. சிப்பிக்குள் இருக்கும் புழுவுக்குக்கூட அதில் படம் உண்டு. பிறகு 1908இல் குன்ஸ், ஸ்டீவன்சன் என்ற இருவர் நியூயோர்க்கில் வெளியிட்ட முத்து பற்றிய பெரிய புத்தகத்தில், மறிச்சுக்கட்டிக் கரையில் வள்ளங்களிலிருந்து சிப்பி இறக்கும் புகைப்படம் இருக்கிறது. இன்று இணையத்தில் யாரும் பார்க்கலாம். படத்தின் கீழே இடத்தின் பெயர் இருக்கிறது. இறக்குகிற ஆட்களின் பெயர் இல்லை. அவர்களில் எங்கள் பாட்டனின் பாட்டன் இருந்திருக்கலாம். கீழக்கரையிலிருந்து வந்த ஒருவராக இருக்கலாம். அரபு நாட்டுக் குளியாளராகவும் இருக்கலாம். புழுவுக்கு லத்தீன் பெயர் எழுதியிருக்கிறார்கள், ஆளுக்கு இல்லை. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வருவதில்லை.

எங்கள் ஆட்கள் தங்களுக்காகப் படம் எடுத்துக்கொண்டது வெகு பின்னால். தொழுகிற வீட்டில் படம் மாட்டக்கூடாது என்ற பேணுதல் இருந்தது. எடுத்த படத்தையும் சுவரில் தொங்கவிடாமல் பெட்டிக்குள் வைப்பார்கள். 1972இல் அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கிய பிறகு ஸ்டூடியோவுக்குப் போவது கட்டாயமானது. பல உம்மம்மாக்களுக்கு வாழ்நாளிலேயே இருந்த ஒரே படம் அந்த அட்டைப் படம்தான். ஹஜ்ஜுக்குப் போனவர்களுக்கு பாஸ்போர்ட் படம் ஒன்று கூடுதலாக இருக்கும். 80களில் வளைகுடாவுக்குப் போன காக்காமார் யாஷிகாவும் கலர் பிலிமும் கொண்டுவந்தார்கள். கல்யாணம், சுன்னத்து, பெருநாள் என்று அல்பம் நிறையத் தொடங்கியது அப்போதுதான். அந்த அல்பங்களுக்கு வயது பத்துக்கூட ஆகவில்லை.

1990 ஒக்டோபர் கடைசி வாரத்தில் விடுதலைப் புலிகள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000 பேருக்கு மேல். மன்னார்த் தீவில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இங்கிருந்து பெரும்பாலானோர் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனோம். எங்களில் ஒருவருக்கு அப்போது 9 வயது. உம்மா அடுப்பில் வைத்த சோறு அப்படியே இருந்தது அவருக்கு நினைவிருக்கிறது. அல்பத்தை எடுக்க வேண்டும் என்று அந்த நேரம் யாருக்கும் தோன்றவில்லை. கைக்குழந்தையையும் காணி உறுதியையும் தூக்குகிற நேரத்தில் யார் போட்டோவைத் தேடுவார்?

புத்தளம் முகாம்களில் இரண்டு தலைமுறை வளர்ந்தது. சிலர் முந்தியும் பலர் 2009இல் யுத்தம் முடிந்த பின்னும் திரும்பி வந்தார்கள். வீட்டைக் கட்டலாம், கிணற்றை இறைக்கலாம், பள்ளிவாசலுக்கு மீண்டும் சுண்ணாம்பு அடிக்கலாம். 1990க்கு முந்திய ஒரு வகுப்புப் படம்கூட எங்கள் பாடசாலையில் இல்லை. 10ஆம் தரப் பிள்ளைகளுக்கு ஊர் வரலாறு பற்றி ஒப்படை கொடுத்தால் எல்லோரும் இணையத்திலிருந்து மன்னார்க் கோட்டையையும் பெருக்க மரத்தையும் இறக்கி ஒட்டிக்கொண்டு வருவார்கள். சொந்த வீட்டிலிருந்து ஒட்டுவதற்குப் படம் கிடையாது.

இனிக் கமராவுக்கு வருவோம்.

பழைய எஸ்எல்ஆர் கமராக்களில் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸால் வரும் ஒளியை அது மேலே தட்டிக் கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அழுத்தியதும் கண்ணாடி மேலே துள்ளி, ஒளியைப் பின்னாலுள்ள பிலிமுக்கோ சென்சருக்கோ விடும். 'கிளிக்' என்று கேட்பதில் பாதி அந்தக் கண்ணாடி துள்ளும் சத்தம். டிஜிட்டல் வந்த பிறகு சென்சரே பார்த்ததை நேராகத் திரையில் காட்ட முடிந்ததால் கண்ணாடிக்கு வேலையில்லாமல் போனது. அதை எடுத்துவிட்டால் உடல் சிறுக்கும், எடை குறையும். அதுதான் மிரர்லெஸ். பனசொனிக் நிறுவனம் 2008இல் வெளியிட்ட ஜி1 இந்த வகையில் முதலாவதாகச் சொல்லப்படுகிறது. 2008இல் மன்னார்ப் பெருநிலத்தில் யுத்தம் உச்சத்தில் இருந்தது. கமராவோடு வெளியே போவதை அப்போது எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் நினைத்தும் பார்க்க மாட்டார்கள். 2010இல் சோனி 'ஈ' மவுண்ட் என்ற லென்ஸ் பொருத்தும் முறையோடு இறங்கியது. எங்கள் இரண்டு கமராக்களும் அந்த ஒரே மவுண்ட்தான். இது முக்கியம், பிறகு சொல்கிறோம்.

அல்பா 6000 வெளியானது 2014இல். லண்டனில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் தான் பாவித்ததை 2017இல் விடுமுறைக்கு வந்தபோது எங்களிடம் தந்துவிட்டுப் போனார். 24.3 மெகாபிக்சல், விநாடிக்கு 11 படம், கண்ணை வைத்துப் பார்க்கும் எலக்ட்ரோனிக் வியூபைண்டர், துள்ளி எழும்பும் சின்ன பிளாஷ், மேலும் கீழும் சாயும் திரை. பற்றரியும் கார்டும் சேர்த்து 344 கிராம். கூடவே 16-50 லென்ஸ் ஒன்றும் 55-210 லென்ஸ் ஒன்றும் தந்தார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும்.

பிள்ளைகள் முதலில் ஓடியது வங்காலைக்கு. கொக்குக்கும் பூநாரைக்கும் பேர்போன அந்தச் சரணாலயம் 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பூநாரைக் கூட்டம் ஒன்று எழும்பும் நேரத்தில் விநாடிக்கு 11 படம் என்பது என்னவென்று அன்றைக்குத்தான் விளங்கியது. அடுத்தது அரிப்பு. நாங்கள் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லும் டொரிக் மாளிகையை முத்துக்குளிப்பைப் பார்வையிட வெள்ளைக்கார ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டினார். கடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று வருகிறது. ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுப்பது என்று முடிவு செய்தோம். இடையில் விட்டுப்போன வருடங்கள் உண்டு, மறைக்கவில்லை.

பிறகுதான் பெரியவர்களைப் பேச வைத்துப் பதியும் யோசனை வந்தது. படம் இல்லாத வீடுகளில் கதை இருக்கிறதே.

2019 தொடக்கத்தில் ஒரு பெரியவரிடம் போனோம். 1990இல் சொந்தமாக வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி. அந்த ஒக்டோபரில் தன் வள்ளத்தில் எத்தனை குடும்பத்தைக் கற்பிட்டியில் கொண்டுபோய் இறக்கினார் என்று ஊரே சொல்லும். அவர் மட்டும் சொல்ல மாட்டார். பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் நாலைந்து தடவை கேட்டு, கடைசியில் "சரி, அஸருக்குப் பிறகு வாங்க" என்றார். திண்ணையில் கமராவை முக்காலியில் வைத்து, சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டு, நாங்களும் பிள்ளைகளும் அவருக்கு முன்னால் பாயில் இருந்துவிட்டோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினார். யாரும் எழும்பவில்லை. தேநீர் ஆறிப்போனது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பதிவு 29 நிமிடம்தான்.

அந்தக் காலக் கமராக்கள் பலவற்றுக்கு இந்த எல்லை உண்டு. 30 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பதிந்தால் ஐரோப்பியச் சுங்கம் அதை வீடியோக் கமரா என்று கணக்கிட்டுக் கூடுதல் வரி போட்டது. அதைத் தவிர்க்க 29 நிமிடத்தில் தானாக நிற்கும்படி செய்திருந்தார்கள். கையேட்டில் எழுதியிருக்கிறது. நாங்கள் வாசிக்கவில்லை. தவறு எங்களுடையது. பிரசல்ஸில் யாரோ போட்ட வரிக்காக எங்கள் ஊர்த் திண்ணையில் ஒரு கதை பாதியில் அறுந்தது என்று வரலாற்று சேர் இப்போதும் சொல்வார். கணித சேர், "கையேட்ட வாசிச்சிருக்கலாம்" என்பார்.

கடைசி வாக்கியம் இதுதான்: "விடியச் சாமம் ரெண்டு மணி இருக்கும், கடல் கொஞ்சம் அடிச்சது, பின்னுக்கு ஒரு புள்ள அழுற சத்தம் நிண்டு போச்சு, நான் திரும்பி..."

அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அன்றைக்குக் கேட்ட எங்களுக்குத் தெரியும். எங்கள் வாயால் சொன்னால் அது அவர் சொன்னதாகாது, அதனால் இங்கு எழுதவில்லை. இன்னொரு நாள் வந்து மிச்சத்தைப் பதிகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு சில மாதங்கள் கமராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க எங்களுக்கே தயக்கமாக இருந்தது. 2020இல் கொரோனா முடக்கம். 2021இல் அவர் மௌத்தாகிவிட்டார். அல்லாஹ் அவருக்கு மேலான சுவர்க்கத்தைக் கொடுப்பானாக.

அவருடைய 29 நிமிடத்தில் இன்னொரு குறையும் இருக்கிறது. காற்று. மன்னாரில் சோளகம் தொடங்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சும்மாவா இங்கே காற்றாலை நட்டார்கள்? 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி மட்டும் 30 கோபுரம், 103.5 மெகாவாட். ஆனால் அவர் பேசியது சோளகத்திலும் இல்லை, வாடையின் கடைசியில். அதற்கே அல்பா 6000இன் உள் மைக்கில் பாதிப் பேச்சு 'புர்புர்' என்றுதான் கேட்கிறது. சாதாரண மைக் வயரைச் செருக அதில் ஓட்டை கிடையாது. மேலே பிளாஷ் பூட்டும் இடத்தில் சோனியின் தனி மைக் பூட்டலாம். அதன் விலைக்கு நாங்கள் எங்கே போவது.

இசட்வி-ஈ10 வெளியானது 2021இல். எங்கள் கைக்கு 2023இல் வந்தது. பழைய மாணவர் சங்கமும் நாலைந்து பெற்றோரும் சேர்ந்து வாங்கித் தந்தார்கள். இந்த இடத்தில் ஒரு விலைக் கணக்கு. இரண்டு கமராவும் 16-50 லென்ஸோடு அமெரிக்காவில் வெளியானபோது விலை ஒன்றுதான்: ஏறத்தாழ 800 டொலர். 2014இல் டொலர் சுமார் 130 ரூபா, ஆகவே 104,000 ரூபா. 2022 மே மாதம் டொலர் 360ஐத் தொட்டது, ஆகவே 288,000 ரூபா. வரியும் கடைக்காரர் இலாபமும் இதில் சேரவில்லை. ஜப்பான்காரன் 7 வருடத்தில் விலையை ஏற்றவில்லை. எங்கள் ரூபாதான் இறங்கியது. எங்கள் ஆசிரியர் சம்பளம் எந்தப் பக்கம் போனது என்று கேட்காதீர்கள்.

பெட்டியைத் திறந்ததும் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "சேர், கண் வைக்கிற ஓட்டை எங்க?" இல்லை. வியூபைண்டரை எடுத்துவிட்டார்கள். பிளாஷும் இல்லை. எடை 343 கிராம், பழையதைவிட ஒரு கிராம் குறைவு. மெகாபிக்சல் 24.2, அதுவும் பழையதைவிட ஒரு துளி குறைவு. விநாடிக்கு அதே 11 படம். ஏழு வருடத்துக்குப் பிறகு வந்ததில் இருந்ததையும் காணோமே என்று எங்களுக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான். தன் முகத்தைத் தானே எடுத்துப் பேசும் ஆட்களுக்காகச் செய்த கமரா இது. திரை பக்கவாட்டில் திறந்து முன்னால் திரும்பும், தொட்டால் வேலை செய்யும். மேலே மூன்று மைக் கொண்ட தொகுதி, அதற்குப் போட்டுவிட பூனைவால் மாதிரி மயிர் தொப்பி ஒன்று பெட்டியிலேயே வருகிறது. வெளி மைக்குக்கு ஓட்டை, ஹெட்போனுக்கு ஓட்டை. 29 நிமிட எல்லை இல்லை.

புகைப்படத்தில் வித்தியாசம் எவ்வளவு என்று சோதித்துப் பார்த்தோம். சோதனைக்குக் கிடைத்த பொருள் சாதாரணமானதல்ல. பேசாலையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். அந்த வீட்டுப் பெரியவர் 80களில் எங்கள் பாடசாலையில் படிப்பித்தவர். அவர் காலமான பிறகு அலுமாரியைத் துப்பரவு செய்த மகள், பழைய அல்பம் ஒன்றில் எங்கள் பாடசாலைப் படங்கள் ஆறு இருப்பதாகச் சொல்லியனுப்பினார். நாங்கள் போனபோது, "அப்பா இதை முப்பது வருசமா ஒருத்தரையும் தொட விடேல்ல. அவையள் திரும்பி வந்து கேப்பினம் எண்டு சொல்லுவார்" என்றார். அல்பத்தைக் கொண்டுபோகக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அவர்கள் வீட்டு விறாந்தையிலேயே, நேர் வெயில் படாத வெளிச்சத்தில், படங்களைத் தட்டையாக வைத்து, ஒரே லென்ஸை மாற்றி மாற்றிப் பூட்டி இரண்டு கமராவிலும் பிரதி எடுத்தோம். மன்னார் டவுனில் ஏ4 அளவில் அச்சடித்து வகுப்பில் ஒட்டி, எது எந்தக் கமரா என்று கேட்டோம். 14 பேரில் 7 பேர் சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும்.

அந்த 14 பேரில் ஒரு பிள்ளை மட்டும் பதில் எழுதவில்லை. மூன்றாவது படத்தில் இரண்டாவது வரிசையில் அரைக் காற்சட்டையோடு நிற்கும் பொடியன் தன் வாப்பாவாக இருக்கலாம் என்று பார்த்துக்கொண்டே நின்றது. வாப்பாவுக்குச் சின்ன வயதுப் படம் எதுவும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. பின்னேரம் வாப்பாவே வந்தார். அவர்தான். ஷூ இரவல் வாங்கிப் போட்டது என்று அதையும் சொன்னார்.

ஆகவே நல்ல வெளிச்சத்தில், அசையாத பொருளுக்கு, 2014க்கும 2021க்கும் எங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மங்கலான வெளிச்சத்திலும் பெரிய மலையை எதிர்பார்க்காதீர்கள். வித்தியாசம் வேறு இடங்களில்.

வெயிலில் பழையதுதான் ராசா. அரிப்புக் கரையில் மத்தியானம் மணலும் கடலும் சேர்ந்து அடிக்கிற வெளிச்சத்தில் இசட்வி-ஈ10இன் திரை கறுப்புப் பலகை மாதிரித்தான். என்ன எடுக்கிறோம் என்றே தெரியாது. எங்கள் மாணவி ஒருத்தி வழி கண்டுபிடித்தாள். பர்தாவுக்கு மேலே போட்டிருந்த கறுத்தச் சால்வையைத் தலைக்கும் கமராவுக்கும் சேர்த்து மூடிக்கொண்டு உள்ளே பார்த்து எடுத்தாள். கூட வந்திருந்த வான் டிரைவர் காக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார்: "அந்தக் காலத்துல டவுன் ஸ்டூடியோக்காரனும் இப்பிடித்தான் புள்ள கறுப்புத் துணிக்குள்ள பூந்துக்குவான்." நூறு வருடம் முன்னேறிய கமரா எங்கள் வெயிலில் திரும்பவும் துணிக்குள் போனது. அல்பா 6000இல் கண்ணை வைத்தால் முடிந்தது. பறவை, விளையாட்டுப் போட்டி, கோட்டை, கடற்கரை எல்லாவற்றுக்கும் இன்றும் பிள்ளைகள் சண்டைபிடிப்பது பழைய கமராவுக்குத்தான்.

பேச்சுக்குப் புதியது. இதில் ஒப்பீடே இல்லை. மயிர்த் தொப்பியைப் போட்டால் திண்ணைக் காற்று பெருமளவு அடங்குகிறது. பெரியவரின் சட்டையில் குத்தும் ஒரு சின்ன வயர் மைக்கைச் செருகினால், மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. ஒரு பிள்ளை ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேட்டபடியே இருக்கும். சத்தம் நின்றால் உடனே கை காட்டும். 2019இல் அந்த ஒரு பிள்ளை இருந்திருந்தால் போதுமே என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வோம். அன்றைய கமராவில் ஹெட்போன் ஓட்டையும் இல்லை.

இன்னொன்று. பொருட்களை அறிமுகம் செய்யும் ஆட்களுக்காக இதில் ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். முகத்துக்கு முன்னால் லிப்ஸ்டிக்கையோ கிரீம் போத்தலையோ நீட்டினால், கமரா முகத்தை விட்டுப் பொருளுக்கு உடனே போகஸை மாற்றும்; பொருளை இறக்கினால் மீண்டும் முகத்துக்கு வரும். லிப்ஸ்டிக் எங்களுக்கு எதற்கு என்று அந்தப் பட்டனைத் தொடாமலே இருந்தோம். ஒரு நாள் ஒரு உம்மம்மா பேசிக்கொண்டிருக்கும்போது இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து தன் மர்ஹூம் கணவரின் பழைய அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். 1990இல் அவர் சட்டைப்பைக்குள் இருந்ததால் தப்பிய ஒரே படம். பட்டன் தவறுதலாக ஓனாகி இருந்திருக்கிறது. அட்டை தெளிந்தது, அதிலிருந்த முகம் தெளிந்தது, அட்டை கீழே போனதும் உம்மம்மாவின் முகம் தெளிந்தது. நாங்கள் யாரும் கமராவைத் தொடவில்லை. அன்றிலிருந்து நேர்காணல் என்றால் அந்தப் பட்டன் ஓன்.

4கே ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சொல். உயர்ந்த தரத்தில் ஒரு மணித்தியாலம் பதிந்தால் 45 ஜிபி போகும். 64 ஜிபி கார்டில் ஒன்றரை மணித்தியாலத்தை எதிர்பார்க்க முடியாது. சின்ன உடல் என்பதால் நீண்ட 4கே பதிவில் சூடும் ஏறும், அதுவும் எங்கள் ஊரில். நாங்கள் 1080இல்தான் பதிகிறோம், அதில் பாதி இடம் போதும். இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டு வெவ்வேறு வீடுகள். ஏன் வெவ்வேறு வீடுகள் என்று எங்கள் ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை. சம்மதித்தவர்களின் பதிவுகளை, 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய ஆவணகத்துக்குக் கொடுக்கவும் பேசிவருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

இரண்டு கமராவுக்கும் உப்புக்காற்றைத் தடுக்கும் கவசம் கிடையாது. பாவித்ததும் துடைத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். எங்கள் 55-210 லென்ஸின் உள்ளே பூஞ்சணம் பிடித்தது அலுமாரியில் சும்மா வைத்த ஒரு மாரி காலத்தில்.

இப்போது உங்கள் கேள்விக்கு, தம்பி.

பறவை, ஊர்சுற்றல், பிள்ளைகளின் படம் என்றால் அந்தப் பழைய அல்பா 6000ஐ எடுங்கள். மிச்சக் காசை நல்ல லென்ஸ் ஒன்றில் போடுங்கள். மவுண்ட் ஒன்றுதான், நாளைக்குப் புதிய உடல் வாங்கினாலும் லென்ஸ் அதில் வேலை செய்யும். பழையதை வாங்கும்போது லென்ஸை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பூஞ்சணம் இருக்கிறதா பாருங்கள், பிளாஷ் துள்ளுகிறதா பாருங்கள், வியூபைண்டரில் கண் வைத்ததும் திரை தானாக மாறுகிறதா பாருங்கள். வீடியோவில் பேசுவது, பேச வைப்பது என்றால் இசட்வி-ஈ10. 2024இல் அதன் இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது. அதில் பற்றரி பெரியது, ஆனால் பழைய பற்றரி அதற்குப் பொருந்தாது.

எங்களிடம் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் புதியதை வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் ஒரு வாரத்துக்கு எங்களோடு பேச மாட்டார்கள். ஆனாலும் புதியதைத்தான். பட்டியலில் இன்னும் 23 பெரியவர்கள் இருக்கிறார்கள், அதில் 80 தாண்டியவர்கள் 9 பேர். அல்லிராணிக் கோட்டை கொஞ்சக் காலம் பொறுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, தம்பி. அந்தப் பட்டியலில் உங்கள் உம்மம்மாவும் இருக்கிறார். வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு போகிறோம். "அவன் வந்த பிறகு செய்வோமே" என்று சொல்லிப் பார்த்தார், நாங்கள் விடவில்லை. நீங்கள் லீவில் வரும்போது இரண்டு கமராவுக்கும் பொருந்துகிற அந்த என்பி-எஃப்டபிள்யூ50 பற்றரியில் ஒன்று கொண்டுவாருங்கள். எங்களிடம் இருப்பதில் ஒன்று வீங்கிவிட்டது.